இருபத்தேழாம் எண் பிள்ளை

ஜனவரி 22, செவ்வாய்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். படித்துவிட்டீர்கள் என்றால் யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் காட்டவே காட்டாதீர்கள். அம்மாவின் பேராசிரியர் சுகிர்தா அம்மாவிடமும் வேண்டாம். பக்கத்து வீட்டு பிளசி அக்காவிடம் காட்டினால் எல்லாரிடமும் காட்டினது மாதிரி. முன்பக்கம் முழுவதும் கணக்குப் போட்டிருக்கிறேன். பின்னாலிருந்து எழுதுகிறேன். கணக்கு நோட்டைப் பின்னாலிருந்து யாரும் திறந்து பார்ப்பதில்லை.

என் பெயர் எப்சிபா. எப்சி என்பார்கள். ஒன்பதாம் வகுப்பு. அம்மாவும் நானும் இந்த செமினரியின் குடும்பக் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். ஒரு அறை, ஒரு அடுக்களை. அறை அம்மாவின் புத்தகங்களுக்கு, அடுக்களை எனக்கு. அப்பாவும் தம்பியும் திருச்செந்தூர் பக்கத்தில் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அம்மா அங்கே பதினாறு வருஷம் ஆரம்பப் பள்ளி டீச்சர், ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளி டீச்சர். இப்போது படிப்பு விடுப்பு எடுத்து, கிறிஸ்தவக் கல்வியில் முதுநிலை படிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வேதத்தை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதற்கு ஒரு படிப்பு. வகுப்பில் சபைப் போதகர்களான ஐயர்மார் பதினோரு பேர், அம்மா ஒருத்தர்.

மார்ச் பதினைந்துக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். அதற்குமேல் விடுப்பு கிடையாது. கொடுக்காவிட்டால் பட்டம் இல்லாமல் ஊருக்குப் போக வேண்டும். நாற்பது வயதில் என்ன படிப்பு என்று கேட்ட பெரியப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

ஆய்வேட்டுக்காக நான்கு கிராமத்துப் பிள்ளைகளிடம் ஒன்பது கேள்வி கேட்டு எழுதி வாங்க வேண்டும். மூன்று ஊர்களை அம்மாவே முடித்துவிட்டார்கள். நான்காவது வடுகப்பாறை, மலையடிவாரம். அங்கே ஐயர் மாதம் ஒரு தடவைதான் வருவார். மற்ற நாளெல்லாம் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர் உபதேசியார் தேவயிரக்கம். அவர்தான் பிள்ளைகளை உட்கார வைத்து எழுத வைத்தார். முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை போய் வாங்க வேண்டும். அம்மாவுக்கு நூற்றுமூன்று காய்ச்சல்.

"நீ போயி வாங்கிட்டு வந்திருதியா?" என்று கேட்டார்கள். போனேன்.

உபதேசியாரும் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். அவர் மனைவி டீ கொடுத்தார்கள். அவர் நாற்பத்துமூன்று தாளையும் என் முன்னால் எண்ணி மஞ்சப்பையில் போட்டார். "அம்மாட்ட சொல்லு. நான் ஒரு வார்த்தை எடுத்துக் குடுக்கல. அதுவோளே எழுதிச்சு." பேருந்துக்கு நிற்கும்போது மேலே இருந்த இரண்டு மூன்றைப் பார்த்தேன். ஒன்றில் ஓரத்தில் ஆடு வரைந்திருந்தது.

பேருந்தில் நிற்கவே இடமில்லை. உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, பையைக் கொடு பாப்பா, மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றார்கள். கொடுத்தேன். எல்லாரும் கொடுப்பதுதானே. செமினரி நிறுத்தத்தில் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். பேருந்து போன பிறகுதான் என் கையைப் பார்த்தேன்.

அம்மா படுக்கையிலிருந்தே, கொண்டு வந்தாயா என்றார்கள். ஆமாம் என்றேன். எண் போட்டு மேலே வை என்றார்கள். சரி என்றேன். ஆமாம் பொய். சரி என்பதும் பொய்யா என்று தெரியவில்லை.

நேற்று பள்ளிக்கூடம் விட்டதும் பேருந்து நிலையத்தில் கேட்டேன். அங்கிருந்தவர், என்ன பை என்றார். மஞ்சப்பை என்றேன். "மஞ்சப்பை தொலஞ்சு போச்சுன்னு தெனம் நாலு பேரு வர்றாக பாப்பா," என்று சிரித்தார். ஒன்றும் வரவில்லை.

உபதேசியாரிடம் போய் மறுபடி எழுதித் தரச் சொல்லலாம். ஆனால் அவர் இரண்டு நாளுக்கு ஒரு தடவை அம்மாவுக்குப் போன் பண்ணிக் காய்ச்சல் விசாரிக்கிறார். சொல்லிவிடுவார்.


ஜனவரி 24, வியாழன்

கட்டிலுக்கு அடியில் எழுதாத கேள்வித்தாள் ஒரு கட்டு மிச்சம் இருக்கிறது. அதில் மேலே அச்சடித்திருக்கிறது: பெயர் எழுதத் தேவையில்லை. யார் எழுதியது என்று யாரும் கேட்க மாட்டோம்.

நான் என்ன செய்கிறேன் என்று இனிமேல் எழுத வேண்டியதில்லை.

ஐந்து பேனா, இரண்டு பென்சில். சிலவற்றை இடது கையால் எழுதினேன். ஏழு வயசுப் பிள்ளை எழுதுவது மாதிரி வந்தது. 'ர'வுக்கும் 'ற'வுக்கும் நாலு இடத்தில் மாற்றிப் போட்டேன். முதல் கேள்வி, ஞாயிறு பள்ளிக்கு யார் கூட்டி வருகிறார்கள். அது சுலபம். இரண்டாவது, மனப்பாடமாகத் தெரிந்த வசனம். ஆளுக்கு ஒன்றாகப் போட வேண்டியிருந்தது, வேதத்தில் சங்கீதப் புத்தகம் முழுவதும் தேடினேன். மூன்றாவது, கோயிலில் உனக்கு மிகவும் பிடித்த நாள். அதற்கு யோசிக்கவே வேண்டாம். பாதிப் பேருக்குக் கிறிஸ்மஸ், பாதிப் பேருக்கு அசனம். கோயிலுக்கு முன்னால் பந்தல் போட்டு, எல்லார் வீட்டு அரிசியையும் ஒன்றாகப் பொங்கி, கறிக்குழம்பு ஊற்றி, ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாளைவிடப் பிள்ளைகளுக்கு வேறு என்ன பிடிக்கும்.

ஒன்பது தாள் முடிந்தது. விரல் மடங்கவில்லை. அம்மா அறையில் இருமுகிறார்கள்.


ஜனவரி 26, சனி

இருபத்திரண்டு. கொடியேற்றும்போது நின்றுகொண்டே தூங்கிவிட்டேன்.


ஜனவரி 28, திங்கள்

அறிவியல் டீச்சர் என் மேஜையில் ஸ்கேலால் தட்டி, வீட்டில் தறி ஓட்டுகிறாயா என்று கேட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முப்பத்தொன்று ஆகிவிட்டது. நடுவில் ஒரு தாளில் கண் சொருகிக்கொண்டு வந்தது. யார் மாதிரி எழுதுகிறோம் என்று யோசிக்காமல் எழுதிவிட்டேன். பிறகு படித்துப் பார்த்தால் அது இருபத்தேழு. கிழித்துப் போடலாம் என்று நினைத்தேன். மறுபடி ஒன்பது கேள்விக்கும் எழுத வேண்டுமே என்று விட்டுவிட்டேன். வயது பதிமூன்று, வகுப்பு எட்டு என்று போட்டேன்.


ஜனவரி 30, புதன்

முடிந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. கட்டைக் கொடுத்தேன். அம்மா அதை மேஜையில் வைத்து, இரண்டு கையையும் அதன்மேல் வைத்து ஜெபம் செய்தார்கள். வடுகப்பாறையின் நாற்பத்துமூன்று பிள்ளைகளையும் ஆசீர்வதியும், அவர்கள் கள்ளமில்லாமல் எழுதிக் கொடுத்த வார்த்தைகளுக்காக ஸ்தோத்திரம் என்றார்கள்.

ஆமென் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.


பிப்ரவரி 6, புதன்

சாயங்காலம் பிளசி அக்கா வந்தார்கள். அவர்கள் வீட்டுக்காரர் ஐயர், இங்கே எபிரேயம் படிக்கிறார். அக்காவுக்குப் பொழுது போகாது. அம்மா கட்டம் போட்டுக் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்து, என்ன லில்லிக்கா, எலெக்ஷன் ஓட்டு எண்ணுகிறீர்களா, எந்தக் கட்சி முன்னிலை என்று கேட்டார்கள். அம்மா சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்தார்கள். இது இருபத்தேழாம் எண் பிள்ளை, கேளு என்று வாசித்தார்கள். நான் சிங்க்கில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டாவது கேள்வி, டீச்சரிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வி எது. பதில் இது.

"எங்கள் அம்மா வேலைக்குப் போய்விட்டு வந்து களைத்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள். நான் என்ன கேட்டாலும் அப்புறம் என்பார்கள். அப்புறம் என்பது என்ன கிழமை என்று கேட்க வேண்டும். இயேசு சாமியிடம் பிள்ளைகள் வந்தபோது அவருக்கும் களைப்பாக இருந்ததா? இருந்தால் எப்படி மடியில் வைத்தார்?"

பிளசி அக்கா அந்தத் தாளை வாங்கித் தானே ஒரு தடவை படித்தார்கள்.

"காட்டு வேலைக்குப் போற அம்மாவா இருக்கும்," என்றார்கள் அம்மா. "பாவம், அந்தப் பிள்ளைக்கு யாரும் இல்ல."

குக்கரில் அடிப்பிடித்திருந்ததைச் சுரண்டிக்கொண்டே இருந்தேன். கை எரிந்தது.


பிப்ரவரி 9, சனி

மதிப்பெண் அட்டையில் கையெழுத்து வேண்டும். அறிவியலில் முப்பத்தெட்டு. அம்மாவிடம் மூன்று தடவை கொண்டு போனேன். அம்மா இருபத்தேழாம் எண் பிள்ளைக்காகத் தனியாக ஒரு அதிகாரம் எழுதுகிறார்கள். நிமிராமல், அப்புறம் பிள்ளே என்றார்கள்.

வயிறு வலிக்கிறது என்று சொல்லலாம் என்று இருந்தேன். சொல்லவில்லை.


பிப்ரவரி 15, வெள்ளி

இன்றைக்குச் சிற்றாலயத்தில் அம்மா பேசும் முறை. குவார்ட்டர்ஸில் இருக்கிறவர்களும் போக வேண்டும். அம்மா அந்த வெள்ளைச் சேலை கட்டியிருந்தார்கள். கழுத்து எலும்பு தெரிந்தது. காய்ச்சலுக்குப் பிறகு அம்மா சரியாகச் சாப்பிடுவதே இல்லை.

அம்மா இருபத்தேழாம் எண் பிள்ளையைப் பற்றித்தான் பேசினார்கள். நாம் பாடத்திட்டம் போடுகிறோம், படம் ஒட்டுகிறோம், பாட்டுச் சொல்லித் தருகிறோம், ஆனால் ஒரு பிள்ளை இரண்டு வருஷமாக ஒரு கேள்வியை வாயில் வைத்துக்கொண்டு நம் முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கிறது என்றார்கள். இரண்டு வருஷம் என்று நான் எழுதவில்லை. அம்மாவாகச் சேர்த்துக்கொண்டது. ஆனால் கணக்குச் சரிதான். நாங்கள் இங்கே வந்து இந்த ஜூனோடு இரண்டு வருஷம்.

ஒரு ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மாவின் ஆய்வுக்கு வழிகாட்டுகிற பேராசிரியர் சுகிர்தா அம்மா. அவர்கள் யாரையும் எளிதில் புகழ மாட்டார்கள். அவர்களே எழுந்து வந்து அம்மாவின் தோளைத் தொட்டார்கள்.

வெளியே வரும்போது ஜெபக்குறிப்புப் பலகையில் சாக்பீஸில் எழுதியிருந்தது. முதலில் மழைக்காக. இரண்டாவது, பரீட்சை எழுதுகிறவர்களுக்காக. மூன்றாவது, வடுகப்பாறை இருபத்தேழாம் எண் பிள்ளைக்காக.

இனிமேல் தினமும் காலை ஏழு மணிக்கு நூற்றிருபது பேர் ஜெபிப்பார்கள். நான் அந்த நேரத்தில் இட்லி மாவைக் கரைத்துக்கொண்டிருப்பேன்.


பிப்ரவரி 16, சனி

அம்மா வடுகப்பாறைக்குப் போய் அந்தப் பிள்ளையைக் கண்டுபிடிக்கப் போகிறார்களாம். எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண் பிள்ளைகள் அங்கே ஐந்து பேர்தான் இருப்பார்கள், உபதேசியாரைக் கேட்டால் சொல்லிவிடுவார் என்றார்கள். பெண் பிள்ளை என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். தெரியும் என்றார்கள்.

கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து மேலே இருந்த வரியைக் காட்டினேன். பிறகு சொன்னேன், "யார் எழுதுனதுன்னு கேக்க மாட்டோம்னு மேல அச்சடிச்சிருக்கேம்மா. இப்பப் போயி கேட்டா அந்தப் பிள்ள இனிமே யார்ட்டயும் எதயும் சொல்லாது."

அம்மா என்னையே பார்த்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு என் முகத்தை முழுவதாகப் பார்த்த மாதிரி இருந்தது. "நீ சொல்லுததுதான் சரி," என்றார்கள். "எனக்கு இது தோணலியே." பிறகு மதிப்பெண் அட்டையை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்கள். மார்க்கைப் பார்க்கவில்லை.


பிப்ரவரி 21, வியாழன்

சுகிர்தா அம்மா கூப்பிட்டு அனுப்பினார்கள். அம்மா திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்கள். நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுத்தான் சொன்னார்கள்.

மூன்றாம் கேள்வி. வடுகப்பாறையில் பத்தொன்பது பேர் பிடித்த நாள் அசனம் என்று எழுதியிருக்கிறார்கள். மற்ற மூன்று ஊரில் ஒருவர்கூட எழுதவில்லை. அங்கெல்லாம் கிறிஸ்மஸ், இல்லாவிட்டால் அறுப்பின் பண்டிகை. சுகிர்தா அம்மா இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்கள் கேட்டார்களாம்: "லில்லி, இந்தப் பக்கத்துக் கோயில்ல எங்கம்மா அசனம் வைக்கிறாங்க? நான் அந்தச் சொல்லையே உங்க ஊர்க் கல்யாணத்துக்கு வந்தப்பதான் கேட்டேன்."

அசனம் எல்லா ஊரிலும் உண்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன். கோயில் என்றால் அசனம் இருக்கும் என்று. அம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்திருக்கிறார்கள். எண்ணும்போது அம்மாவுக்கும் வித்தியாசமாகத் தோன்றவில்லை.

அம்மா இரண்டாவது டம்ளர் தண்ணீரைக் குடித்தார்கள். "தேவயிரக்கம் தம்பி நம்ம பக்கத்து ஆளு," என்றார்கள். "அவன்தான் உக்காந்து எழுதிருக்கான். நாப்பத்திமூணும்."

சொல்ல வாயைத் திறந்தேன். இன்னும் தண்ணீர் வேண்டுமா என்பதுதான் வந்தது.

சுகிர்தா அம்மா ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். நான்காவது ஊரை நீக்கிவிட்டு மூன்று ஊரோடு ஆய்வேட்டை முடித்துக்கொள்ளலாம். தேதி தவறாது. ஆனால் ஏன் நீக்கினோம் என்பதற்கு உபதேசியார் கைப்பட எழுதித் தர வேண்டும். அதன் நகல் சேகரத் தலைவருக்கும் போகும். அந்தப் பக்கத்துக் கோயில்களுக்கெல்லாம் அவர்தான் பெரியவர். உபதேசியாருக்கு இந்த ஜூனில்தான் வேலை நிரந்தரமாக வேண்டும். அவர் மனைவி டீ கொடுக்கும்போது அதைத்தான் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இருபத்தேழாம் எண் பிள்ளையின் அதிகாரமும் போய்விடும். அம்மா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ஒரு வளந்த ஆம்பள உக்காந்து இத எழுத முடியுமா?" என்று கேட்டார்கள். என்னிடம் கேட்டார்களா தெரியவில்லை. "மத்ததெல்லாம் அவன் எழுதிருக்கட்டும். இத ஒரு பிள்ளதான் எழுதிருக்கும்."


பிப்ரவரி 22, வெள்ளி

பலகையில் மூன்றாவது குறிப்பை யாரும் அழிக்கவில்லை.


பிப்ரவரி 24, ஞாயிறு

அம்மா என்னையும் வடுகப்பாறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வர மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையில் உட்கார்ந்தோம். பாய், ஒரு மேஜை, மணி அடிக்கிற கயிறு. அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரொம்பக் களைப்பாக, ஒவ்வொரு தாளாக மேஜையில் வைத்து, அசனம், அசனம் என்று காட்டினார்கள்.

உபதேசியார் குனிந்து பார்த்தார். அவருக்குப் புரியவில்லை. "அக்கா, இந்தப் பிள்ளையளுக்கு அசனம்னா என்னன்னே தெரியாது. நான் அதுவளத்தான் எழுதச் சொன்னேன்," என்றார். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டார். எட்டு வயசு இருக்கும், முன்பல் இல்லை. பெயர் ரோசாரி.

"யார் எழுதுனது தாயி?"

"நாங்கதேன் எழுதுனோம்," என்றாள் அவள். "நான் ஆடுகூட வரைஞ்சேன். எங்க ஆடு."

அம்மா நாற்பத்துமூன்றையும் புரட்டினார்கள். ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை. ஆடு இல்லை. அந்தப் பெண் எட்டிப் பார்த்து, இதெல்லாம் எங்களுடையது இல்லை என்றாள். அவளை வெளியே போய் விளையாடச் சொன்னார் உபதேசியார்.

பிறகு அவர் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை. தாள்களை எண்ணி என் கையில் கொடுத்தாரே, அப்போது பார்த்த மாதிரியேதான் பார்த்தார். நான் மணிக்கயிற்றைப் பார்த்தேன்.

"தம்பி, ஆடு போட்ட பேப்பர் எங்க?" என்று கேட்டார்கள் அம்மா.

அவர் கொஞ்சம் யோசித்தார். "சில பிள்ளையள் சரியா எழுதலக்கா. நானே திருத்தி வேற எழுதிட்டேன்னு வச்சுக்கிடுங்க."

"வச்சுக்கிடவா, எழுதுனீங்களா?"

"எழுதுனேன்."

அம்மா வெள்ளைத்தாளை எடுத்து முன்னால் வைத்தார்கள். அவர் தன் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து எழுதினார். நிதானமாக, வரி கோணாமல். கையெழுத்துப் போட்டு, ஊதிக் காயவைத்து, அம்மாவிடம் கொடுத்தார். எட்டாவது வரியில் 'என் தவறுதலுக்காக வருந்துகிறேன்' என்று இருந்தது. அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அவர் மனைவி மூன்று டம்ளர் டீ கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது. ஜூன் மாதத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள் அக்கா என்றார்கள். அம்மா டம்ளரைப் பிடித்துக்கொண்டு, ம் என்றார்கள்.

கிளம்பும்போது உபதேசியார் என்னிடம், பரீட்சைக்குப் படிக்கிறாயா என்று கேட்டார். படிக்கிறேன் என்றேன். கணக்கா, அறிவியலா, எது கஷ்டம் என்றார். அறிவியல் என்றேன். நல்லாத் தூங்கி எழுந்து படி, மண்டையில் நிற்கும் என்றார். அவ்வளவுதான் பேசினார்.

பேருந்தில் வரும்போது அம்மா ஜன்னலில் தலையைச் சாய்த்து, ஒரு தடவை மட்டும் பேசினார்கள். "நான் அந்தப் பிள்ளைய நம்பிட்டேன் எப்சி. இல்லாத பிள்ளைக்காக எத்தன நாள் முழங்கால்ல நின்னேன்."

நாளைக் காலை பத்து மணிக்கு அந்தக் கடிதத்தைச் சுகிர்தா அம்மாவிடம் கொடுக்க வேண்டும்.


அதே நாள், கொஞ்சம் பிறகு

அம்மா சாயங்கால ஆராதனைக்குப் போயிருந்தபோது கடிதத்தை எடுத்துப் படித்தேன். மூன்று தடவை. அவர் எழுத்து அழகாக இருக்கிறது. இப்படி எழுதுகிறவர் மோசமான பதில்களைத் திருத்தி எழுதியிருந்தால், என் இடது கை எழுத்து மாதிரியா இருக்கும். அம்மா எப்படி இதைப் பார்க்காமல் போனார்கள். அம்மாவுக்கும் கண் சொருகுகிறது என்று நினைக்கிறேன்.

கடிதத்தைக் கிழிக்கலாம் என்று தோன்றியது. கிழித்தால் அம்மா இன்னொன்று வாங்கி வருவார்கள். அவரும் இன்னொன்று எழுதிக் கொடுப்பார்.

வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. பிப்ரவரி முழுவதும் முயற்சி செய்துவிட்டேன். அதனால் மிச்சமிருந்த கேள்வித்தாளில் ஒன்றை எடுத்தேன். எண் 44 என்று போட்டேன். என் சொந்த எழுத்தில், வலது கையால், ஒரே பேனாவில் எழுதினேன்.

வயது பதினான்கு. வகுப்பு ஒன்பது.

ஞாயிறு பள்ளிக்கு யார் கூட்டி வருகிறார்கள்: அம்மா.

பிடித்த நாள்: அசனம், எங்கள் ஊரில்.

வீட்டில் உன்னோடு ஜெபிப்பது யார்: ஊரில் இருந்தபோது அம்மா. இங்கே தனித்தனியாக.

டீச்சரிடம் கேட்காமல் விட்ட கேள்வி: இருபத்தேழைப் பார்க்கவும்.

ஒன்பதாவது, வீட்டில் சொல்லப் பயப்படுகிற ஒன்று இருந்தால் எழுது என்பது. அதற்கு மூன்று கோடுதான் விட்டிருக்கிறது. பின்பக்கத்திலும் எழுதினேன். பேருந்து, மடியில் வைத்துக்கொண்ட அம்மா, நாற்பத்துமூன்று தாள், எல்லாம். உபதேசியார் ஒரு எழுத்துகூட எழுதவில்லை, நான்தான் எழுதினேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் அப்படிச் சொன்னார், அவர் வேலையைத் தொடாதீர்கள் என்று எழுதினேன். மன்னிப்பு என்று எழுத இடமில்லை.

பெயர் எழுதத் தேவையில்லை என்று மேலே அச்சடித்திருக்கிறது. எழுதினேன்.

அதைக் கட்டின் மேல் வைத்து, அதன்மேல் கடிதத்தை வைத்துவிட்டு அடுக்களைக்கு வந்துவிட்டேன்.

அம்மா வந்து கஞ்சி குடித்தார்கள். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு மேஜைக்குப் போனார்கள். இப்போது நான் சிலிண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். மெழுகுவர்த்தி இல்லை, ஜன்னல் வழியாகப் பிளசி அக்கா வீட்டு வெளிச்சம் வருகிறது, அது போதும்.

கடிதத்தை உறையில் போடுகிற சத்தம் கேட்டது.

பிறகு தாள் எடுக்கிற சத்தம். ஒரு தாள்தான்.

திருப்புகிற சத்தம்.

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பேருந்து ஒன்று போனது. இன்னொன்று போனது. அம்மா அழுதால் எனக்குத் தெரியும், மூக்கை உறிஞ்சுவார்கள். அதுவும் இல்லை. கட்டைப் பிரித்துத் தேடுகிறார்கள். ஒன்றை உருவுகிறார்கள். அது எந்த எண் என்று எனக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களாக இருக்கும்.

பட்டம் போய்விடுமா என்று தெரியவில்லை. நாளைக்குச் சுகிர்தா அம்மா என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை. எனக்குத் தூக்கம் வருகிறது. இவ்வளவு பயத்திலும் எப்படி வருகிறது.

நாற்காலி நகர்ந்தது.

நடக்கிறார்கள். அடுக்களைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அம்மா இதுவரை ஒரு நாளும் தட்டினதில்லை, முழங்கையால் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே வருவார்கள். இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள். கீழே நிழல் தெரிகிறது.

தட்டுகிறார்கள். மெதுவாக, இரண்டு தடவை, யாரோ தெரியாத வீட்டில் தட்டுகிற மாதிரி. நான் வாங்க என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள்.